செருப்பு கழன்றால் எழுது

சேசு மரி சூசை

சென்னை
20.4.1968

அன்புள்ள தங்கை ரோசம்மாவுக்கு அக்கா ராஜமேரி எழுதுவது. இங்கே எனக்குச் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் குறைவில்லை. நீயும் உன் முதுகும் எப்படி இருக்கிறீர்கள் என்று முதலில் எழுது. மற்றதெல்லாம் அப்புறம்.

பாஸ்குத் திருநாளைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவதாகச் சொல்லித்தானே அண்ணன் சவரி உன்னை வார்டிலிருந்து கூட்டிப் போனார்? டாக்டர் காலில் விழாத குறையாக நான்தானே அனுமதி வாங்கிக் கொடுத்தேன்? இப்போது அண்ணனிடமிருந்து கார்டு வருகிறது, மாரண்டஹள்ளிப் பக்கம் இடம் அமைந்திருக்கிறதாம், மே மாதம் கல்யாணமாம், லீவு போட்டுவிட்டு வர வேண்டுமாம். அடியே, அண்ணனுக்குத்தான் புத்தி பேதலித்தது என்றால் உனக்கும் வாய் அடைத்துவிட்டதா?

பயமுறுத்துகிறேன் என்று நினைக்காதே. எலும்பு வார்டில் பத்து வருஷமாக வேலை பார்ப்பவள் சொல்கிறேன். உன் முதுகெலும்பில் இரண்டு கணுக்களை எலும்புருக்கி தின்றிருக்கிறது. ஆறு மாதம் மாவுக்கட்டுப் படுக்கையில் கிடந்தாயே, அந்தப் புண் ஆறிக்கொண்டு வருகிறது, ஆறிவிடவில்லை. கணுக்களுக்கு நடுவே கால்களுக்குப் போகிற நரம்புத் தண்டு ஓடுகிறது. வேகாத செங்கல் மேல் சுவர் வைத்த மாதிரி, ஆறாத எலும்பின்மேல் பாரம் ஏறினால் அது நொறுங்கித் தண்டை நசுக்கும். அப்புறம் இடுப்புக்குக் கீழே எதுவும் உன்னுடையது இல்லை.

அதனால் உடம்பில் போட்டிருக்கும் மாவுக்கட்டுச் சட்டையை டாக்டர் சொல்லும்வரை கழற்றாதே. குடம் தூக்காதே. மாத்திரையை ஒரு வேளைகூட விடாதே.

இன்னொன்று. வார்டுக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நாங்கள் முதலில் கேட்பது வலியைப் பற்றி அல்ல. "நடக்கும்போது செருப்பு கழன்று விழுந்து, அது தெரியாமலே நடந்து போயிருக்கிறீர்களா?" என்று கேட்போம். தண்டு நசுங்கத் தொடங்குகிறது என்பதற்கு அது அடையாளம். பார்சலில் ஒரு ஜோடிச் செருப்பு அனுப்பியிருக்கிறேன். வேண்டுமென்றே பின்வார் இல்லாததாகப் பார்த்து வாங்கினேன். தினமும் போட்டு நட. தெரியாமல் ஒரு முறை கழன்றாலும் எனக்கு எழுது. எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காதே, அன்றைக்கே மொரப்பூரில் ரயில் ஏறு.

கல்யாணம் வேண்டாம் என்று சொல். உன்னால் முடியாவிட்டால் நான் வேண்டாம் என்றதாகச் சொல். பொல்லாதவள் என்ற பேர் எனக்கு ஏற்கெனவே இருக்கிறது.

மாதா உன்னைக் காக்கட்டும்.
ராஜமேரி


சேசு மரி சூசை

கம்பைநல்லூர்
26.5.1968

மரியாதைக்குரிய அக்காவுக்கு ரோசம்மா தோத்திரம் சொல்லி எழுதுவது. நான் சுகம். திட்டுவதாக இருந்தால் இந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே திட்டித் தீர்த்துவிடுங்கள். இனிமேல் எழுதித் திட்ட முடியாது. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

கல்யாணம் போன புதன்கிழமை முடிந்தது. உங்களுக்கு லீவு கிடைக்கவில்லை என்று ஊரில் சொல்லிவிட்டோம். நீங்கள் வராதது லீவினால் இல்லை என்று எனக்குத் தெரியும்.

உங்கள் கடிதத்தை அண்ணன் எனக்குப் படித்துக் காட்டிவிட்டு அடுப்பில் போட்டார். அப்புறம் கிணற்றடிக்குக் கூட்டிப் போய், மாவுச் சட்டை மேல் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி ஊறவைத்து, கொடுவாளால் அறுத்தார். "மேல பட்டுருச்சா கண்ணு?" என்று கேட்டுக்கொண்டே அறுத்தார். சட்டை எருக்குழியில் கிடக்கிறது. கோழிகள் அதன்மேல் ஏறி நிற்கின்றன.

மூன்று ஞாயிறு பூசையில் கல்யாண ஓலை வாசித்தார்கள். "இந்தக் கல்யாணத்துக்கு விக்கினம் அறிந்தவர்கள் சொல்லக் கடவார்கள்" என்று சாமியார் நிறுத்தும்போதெல்லாம் அண்ணன் இருமினார். நான் தலையைத் தூக்கவே இல்லை. மாப்பிள்ளை வீட்டில், நான் ஒரு வருஷம் பட்டணத்தில் உங்களோடு இருந்து தையல் படித்தேன் என்று சொல்லியிருக்கிறது. "ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணும்பாங்க. நான் ஒண்ணுதானே சொன்னேன்?" என்கிறார் அண்ணன். எனக்கு ஊசியில் நூல் கோக்கத்தான் தெரியும் என்பது அந்தோணியாருக்குத்தான் வெளிச்சம்.

அக்கா, கோபப்படாமல் கேளுங்கள். ஆறு மாதம் மேல் கூரையையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். இனி எழுந்தால் போதும், வேறு எதுவும் கேட்க மாட்டேன் என்று வேண்டிக்கொண்டேன். எழுந்து நடந்த பிறகு எல்லாமே வேண்டும் போலிருந்தது. அவர் பெயர் சின்னப்பன். தக்காளித் தோட்டம் வைத்திருக்கிறார். அதிகம் பேச மாட்டார். வந்து பார்த்து, பிடித்திருக்கிறது என்றார். எலும்புருக்கி என்று ஒரு சொல்லைச் சொல்லி அந்த ஆசையை அணைத்துவிட எனக்கு மனசு வரவில்லை.

நாளை மாரண்டஹள்ளிக்குப் போகிறேன். மாமியார் இன்னாசியம்மாள் எந்தக் கடிதம் வந்தாலும் சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேட்பாராம், எழுதுகிற கடிதத்தையும் அப்படித்தானாம். அதனால் நோவின் பேரை எழுத வேண்டாம். செருப்பைப் பற்றி மட்டும் கேளுங்கள். அதற்கு நான் ஒளிக்காமல் பதில் எழுதுவேன். மாத்திரையை என்ன சொல்லிச் சாப்பிடுவது என்று மட்டும் யோசித்துச் சொல்லுங்கள்.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.
ரோசம்மா


சேசு மரி சூசை

சென்னை
15.6.1968

அன்புத் தங்கை ரோசம்மாவுக்கு அக்காவின் ஆசீர். எங்கள் வீட்டுப் பெண்ணை ஏற்றுக்கொண்ட அத்தை இன்னாசியம்மாள் அவர்களுக்கும் மாப்பிள்ளைக்கும் தோத்திரம். எல்லாரும் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

ரோசம்மா, உனக்குச் சின்ன வயதிலிருந்தே முடி கொட்டும். தலைமுடிக்குச் சத்து மாத்திரை பார்சலில் வருகிறது. அடுத்த தவக்காலம் வரைக்கும் விடாமல் சாப்பிட வேண்டியது. நடுவில் விட்டால் மொத்தமும் கொட்டிவிடும், ஞாபகம் இருக்கட்டும்.

அத்தை அவர்களுக்கு ஒரு விண்ணப்பம். இவள் சிறு பிள்ளையில் புளியமரத்திலிருந்து விழுந்து இடுப்பில் அடிபட்டவள். பாரம் தூக்கினால் பிடித்துக்கொள்ளும். தோட்டத்தில் உட்கார்ந்து செய்கிற வேலை எவ்வளவு கொடுத்தாலும் செய்வாள்.

ரோசம்மா, நான் கொடுத்த செருப்பு காலுக்குச் சரியாக இருக்கிறதா? கழலாமல் இருக்கிறதா? இதை மட்டும் ஒவ்வொரு கடிதத்திலும் எழுது. பட்டணத்துக் கடைக்காரனிடம் சொல்லி வாங்கினது, அவனுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

எல்லாருடைய நலத்துக்கும் ஜெபிக்கும்,
ராஜமேரி


சேசு மரி சூசை

மாரண்டஹள்ளி
4.8.1968

அன்புள்ள அக்காவுக்கு ரோசம்மாவின் தோத்திரம். இங்கே அத்தையும் அவரும் நானும் மாடு கன்றுகளும் சௌக்கியம். உங்களுக்கு நின்று நின்று கால் வீங்குமே, இப்போது எப்படி?

பதில் தாமதமானதற்குக் கோபிக்க வேண்டாம். தக்காளி பறிப்பு. கூடை ஓசூருக்குப் போகிறது. வீட்டுக் கிணறு வற்றிவிட்டதால் பள்ளத்துக் கிணற்றிலிருந்து தண்ணீர் வருகிறது. அத்தை உங்கள் விண்ணப்பத்தைக் கேட்டுச் சிரித்தார்கள். "மரத்துல இருந்து வுழாத புள்ள எந்த ஊர்ல இருக்குது? நானே ரெண்டு தடவ வுழுந்தவ" என்றார்கள். சின்னக் குடம்தான், அக்கா.

தையல் தெரிந்த மருமகள் என்று ஊர் முழுக்கப் பரவி, ரவிக்கைத் துணிகள் வந்து குவிகின்றன. கையாலேயே தைத்துக் கொடுக்கிறேன். ஒரு ரவிக்கைக்கு இரண்டு கையும் ஒரே பக்கம் வைத்துவிட்டேன். போட்டவள் பாவம், சண்டைக்கு வரவில்லை, பட்டணத்துப் புது மாதிரி என்று நினைத்துக்கொண்டாள்.

ஒரே ஒரு வருத்தம். வலது கால் மெட்டி எங்கேயோ கழன்று விழுந்துவிட்டது. சாயங்காலம் அத்தை பார்த்துச் சொன்ன பிறகுதான் எனக்கே தெரியும். "கட்டுனவன் உசுரோட இருக்கையில மெட்டியத் தொலைக்கிறவள இன்னிக்கித்தான் பாக்குறேன்" என்று இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. அவர்தான் "வெள்ளிதானே, போவுது" என்றார்.

நீங்கள் கேட்டதற்குப் பதில். செருப்பு வாங்கினபடியே புதிதாக இருக்கிறது. ஒரு தடவைகூடக் கழலவில்லை. கடைக்காரனுக்குச் சொல்லிவிடுங்கள்.

உங்கள் அன்புத் தங்கை,
ரோசம்மா


சேசு மரி சூசை

சென்னை
10.8.1968

அன்புத் தங்கைக்கு அக்கா எழுதுவது. இங்கே சுகம். அத்தைக்கும் மாப்பிள்ளைக்கும் தோத்திரம்.

புது மெட்டி நானே வாங்கி அனுப்புகிறேன். அளவுக்காகக் கேட்கிறேன், யோசித்துப் பார்த்து எழுது. விரல் மெலிந்து கழன்றதா, அல்லது இறுக்கமாக இருந்தும் கழன்றதா? கழன்றபோது கொஞ்சம்கூடத் தெரியவில்லையா? இடது கால் மெட்டியை ஒருவர் தொட்டால் தெரிகிறதா? கண்ணை மூடிக்கொண்டு பார்.

செருப்பு கழலவில்லை என்று எழுதியதைப் பலமுறை படித்தேன். அதைப் படித்துவிட்டுத்தான் தூங்கினேன்.

மாப்பிள்ளை அவர்களுக்கு: செப்டம்பர் எட்டாம் தேதி மாதா திருநாள் இங்கே விமரிசையாக நடக்கும். எனக்கும் உடம்பு அவ்வளவு சரியில்லை. ரோசம்மாவை ஒரு வாரம் துணைக்கு அனுப்பி வைத்தால் பெரிய உபகாரமாக இருக்கும். ரயில் செலவு என்னுடையது.

மாதாவின் அடைக்கலத்தில் அனைவரையும் ஒப்படைக்கும்,
ராஜமேரி


சேசு மரி சூசை

சென்னை
22.9.1968

அன்புத் தங்கைக்கு. நான் இருக்கிறேன். நீ இருக்கிறாயா என்று எழுது. திருநாளும் போய்விட்டது, நீயும் வரவில்லை, பதிலும் இல்லை.

மற்றவர்கள் படிக்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. இங்கே வார்டில் நடந்ததைச் சொல்கிறேன். உன் வயதுப் பெண் ஒருத்தியைக் கயிற்றுக் கட்டிலில் தூக்கி வந்தார்கள். முதுகில் நோவு இருந்திருக்கிறது, மறைத்திருக்கிறாள். முதலில் செருப்பு கழன்றதாம், சிரித்துவிட்டு விட்டுவிட்டாளாம். அப்புறம் சரிவில் இறங்கும்போது முழங்கால் தடதடவென்று ஆடியதாம். அப்புறம் ஒரு நாள் காலையில் எழுந்தால் கால் இல்லை. இருக்கிறது, ஆனால் இல்லை.

இரண்டு மணிக்கு ஒரு முறை நாங்கள் நாலு பேர் சேர்ந்து அவளை உருட்டுகிறோம், கட்டை உருட்டுவது போல, முதுகு முறுகாமல். குதிகாலுக்கும் இடுப்புக்கும் ஸ்பிரிட் தேய்த்துப் பவுடர் போடுகிறோம். விட்டால் படுக்கைப் புண் எலும்பு வரைக்கும் போகும், அவளுக்குத் தெரியாது. கொதிக்கிற வெந்நீர்ப் பையை யாரோ காலடியில் வைத்துவிட்டார்கள், தோல் உரிந்து வந்தது. அப்போதும் அவள் என்னைப் பார்த்துப் பேசிக்கொண்டே இருந்தாள்.

ஒரு மாதம் முன்னால் வந்திருந்தால் நடந்தே வீட்டுக்குப் போயிருப்பாள். இதை டாக்டர் சொன்னார்.

ஒரு வரியாவது எழுது, கண்ணு.
அக்கா


சேசு மரி சூசை

கம்பைநல்லூர்
2.11.1968

அன்புள்ள அக்காவுக்கு ரோசம்மாவின் தோத்திரம். நீங்கள் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் உடம்பு சரியில்லை என்றது நிஜமா, எனக்காகச் சொன்னதா?

கல்லறைத் திருநாளுக்கு அம்மாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்ற அண்ணன் வீட்டுக்கு வந்திருக்கிறேன். இங்கே யாரும் கடிதத்தைப் படிக்கச் சொல்லவில்லை. அதனால் உள்ளதை எழுதுகிறேன்.

மாதா திருநாளுக்கு அனுப்ப அத்தைக்கு மனசில்லை. "அக்காக்காரிக்கு ஒடம்பு சரியில்லன்னா ஆஸ்பத்திரியிலதானே இருக்கா, வேற எங்க போவணும்?" என்றார்கள். அது நியாயம்தானே. உங்கள் செப்டம்பர் கடிதத்தை அவர் அத்தைக்குப் படிக்கும்போது பாதியில் நிறுத்திவிட்டு, மீதியை மனசுக்குள் படித்தார். பிறகு என்னை ஒரு பார்வை பார்த்தார். 

மாத்திரையைப் பற்றி நீங்கள் திட்டுவீர்கள். தலைமுடிக்குச் சத்து என்றதும் அத்தைக்கு ஒரே சந்தோஷம். அடுத்த தெருவில் வாழ்க்கைப்பட்டிருக்கும் நாத்தனாருக்கு முடி எலிவால் போல இருக்கிறது. ஆளுக்குப் பாதி என்று பிரித்துக் கொடுத்தார்கள். நான் எப்படி வேண்டாம் என்பது? புரட்டாசியிலேயே தீர்ந்துவிட்டது. நாத்தனாருக்கு முடி வளரவில்லை.

முன்பு போல் ராத்திரியில் முதுகு வலிக்கவில்லை, அக்கா. அது நல்லதுதானே? ஆனால் பள்ளத்துக் கிணற்றுக்கு இறங்கும்போது முழங்கால் ஆடுகிறது. முகம் கழுவக் கண்ணை மூடினால் சாய்ந்துவிடுகிறேன். போன மாதம் பூசையில் கண்ணை மூடிக் கும்பிட்டபோது சாய்ந்து அத்தை மேலேயே விழுந்தேன். பிள்ளை உண்டாகியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அத்தை அன்றைக்கு எனக்கு மட்டும் கறிக்குழம்பு வைத்தார்கள். ருசியாக இருந்தது. அது இல்லை என்று இன்னும் சொல்லவில்லை.

ரவிக்கை தைக்கும்போது ஊசி ஒன்று காணாமல் போயிற்று. இரண்டு நாள் கழித்து அவர்தான் என் உள்ளங்காலில் அது ஏறியிருப்பதைப் பார்த்துப் பிடுங்கினார். காய்த்துப் போன கால், தெரியவில்லை என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

ஆனால் செருப்பு கழலவே இல்லை, அக்கா. நீங்கள் சொன்ன அடையாளம் அது ஒன்றுதானே? அது வராதவரைக்கும் பயமில்லை என்றுதான் தைரியமாக இருக்கிறேன். எப்படிக் கழலும்? அது பரணில் இருக்கிறது. மாமியார் முன்னால் மருமகள் செருப்புப் போட்டு நடப்பது அந்த வீட்டில் வழக்கமில்லை. போன அன்றைக்கே அத்தை காகிதத்தில் சுற்றிப் பரணில் பத்திரமாக வைத்துவிட்டார்கள். நான் வெறுங்காலோடுதான் இருக்கிறேன். இதை ஏன் முன்பே எழுதவில்லை என்று கேட்காதீர்கள்.

நாளை பூசை முடிந்ததும் அவர் வந்து கூட்டிப் போவார். தக்காளி இரண்டாம் நடவு.

உங்கள்,
ரோசம்மா


கம்பைநல்லூர்
10.11.1968

தங்கை ராஜமேரிக்கு அண்ணன் சவரி எழுதுவது. இங்கு யாவரும் சுகம். உன் சுகத்துக்குச் சர்வேசுரன் துணை.

ரோசம்மாவை அனுப்பாதே, உடனே ரயில் ஏற்று என்று நீ அடித்த தந்தி வந்தது. அது வந்தபோது அவள் புருஷன் வீட்டுக்குப் போய் நாலு நாள் ஆகிவிட்டது. தந்திக்காரனைப் பார்த்து உன் அண்ணி மாரில் அடித்துக்கொண்டு அழுதுவிட்டாள். இனி இப்படிச் செய்யாதே.

அவள் நன்றாகத்தான் நடந்தாள். கொஞ்சம் மெதுவாக நடந்தாள், அவ்வளவுதான். புது மருமகள் குதித்துக்கொண்டா நடப்பாள்? மாரண்டஹள்ளிக்கு நீ எதுவும் எழுதி வைக்காதே. கட்டிக் கொடுத்தாகிவிட்டது. இப்போது வெளியே தெரிந்து அவளைத் திருப்பி அனுப்பினால் யார் வைத்துப் பார்ப்பது? நீ ஆஸ்பத்திரியில் ஆயிரம் பேரைப் பார்ப்பாய். எனக்கு ஊரில் பத்துப் பேரைப் பார்த்து முகம் கொடுக்க வேண்டும்.

போகும்போது அவள் திண்டாடித்தான் பஸ் ஏறினாள். நான்தான் கையைப் பிடித்து ஏற்றிவிட்டேன். இதை உனக்கு எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

சவரி


(தபால் கார்டு)

சென்னை
14.11.1968

மாரண்டஹள்ளி மாப்பிள்ளை சின்னப்பன் அவர்களுக்கு ராஜமேரியின் தோத்திரம். அனைவரும் சுகமாக இருக்க வேண்டும்.

தந்தி அடித்தால் சாவு என்று ஊர் அழும். கவரில் எழுதினால் நீங்கள் பாதியை மனசுக்குள் படித்துக்கொள்வீர்கள். அதனால் எல்லாரும் படிக்கும்படி கார்டில் எழுதுகிறேன். ரோசம்மா தையல் படிக்கவில்லை. முதுகெலும்பில் எலும்புருக்கி வந்து என் வார்டில் கிடந்தாள். அது யாருக்கும் ஒட்டாது. முடிக்கு என்று நான் அனுப்பியது அந்த மருந்து. இப்போது அவளுக்குக் கால் விழுந்துகொண்டிருக்கிறது. இனி ஒரு சொம்புத் தண்ணீர்கூட அவள் தூக்கக் கூடாது. இந்தக் கார்டு கிடைத்த அன்றைக்கே அவளைப் படுக்கவைத்து இங்கே கொண்டு வாருங்கள். லீவு கிடைத்ததும் நானே வருவேன், ஆனால் அதற்குள் ஒவ்வொரு நாளும் நஷ்டம்.

பொய் சொன்னது நாங்கள். கோபத்தை எங்கள்மேல் வையுங்கள், அவள் கால்மேல் வைக்காதீர்கள்.

ராஜமேரி


சேசு மரி சூசை

கம்பைநல்லூர்
26.11.1968

அன்புள்ள அக்காவுக்கு ரோசம்மா தோத்திரம் சொல்லிப் படுத்துக்கொண்டே எழுதுவது. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு லீவு கிடைத்தாலும் கிளம்ப வேண்டாம், வழியில் ஒருவரை ஒருவர் தாண்டிப் போய்விடுவோம். நாளை மொரப்பூரில் ரயில் ஏறுகிறோம். அண்ணன் தானே போய்த் தந்தி கொடுத்துவிட்டு வந்தார். இந்தக் கடிதமும் நாங்களும் ஒரே ரயிலில் வந்தாலும் வரலாம். ஆனாலும் எழுதுகிறேன். நேரில் சொல்ல எனக்கு வாய் வராது.

உங்கள் கார்டு வெள்ளிக்கிழமை வந்தது. களத்தில் ராகி அடித்துக்கொண்டிருந்தோம், அக்கம்பக்கமெல்லாம் இருந்தது. தபால்காரர் பச்சியப்பன் இரண்டு வரி படித்ததும் நிறுத்திவிட்டார். "ஏன் நிறுத்திட்டீங்க? தொண்டையா கட்டிக்கிச்சு? படிங்க" என்றார்கள் அத்தை. அவர் படித்தார். முழுக்கப் படித்தார்.

அத்தை கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தார்கள். "எலும்புருக்கியா? எம்புள்ளயோட ஒரே வட்டல்ல சோறு தின்னாளே!"

"ஒட்டாதுன்னு எழுதியிருக்குதுங்க ஆயா" என்றார் பச்சியப்பன்.

"ஒட்டாதுன்னா எதுக்கு மறைக்கணும்?"

அக்கா, அதற்குப் பதில் உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள்.

அவர் களத்து ஓரத்தில் மாட்டைப் பிடித்தபடி நின்றார். அத்தை வீட்டுக்குள் போய், பரணிலிருந்து செருப்பை எடுத்து, காகிதத்தைப் பிரித்து, வாசப்படியில் என் முன்னால் வைத்தார்கள். கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "இனி நீ இந்த வூட்டு மருமவ இல்ல. செருப்புப் போட்டுக்கலாம், போ" என்றார்கள்.

போட்டுக்கொண்டேன். ஆறு மாதம் கழித்து. துணி மூட்டையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தெருவில் நடந்தேன். கால் பஞ்சுமேல் வைப்பது போல இருந்தாலும் நடந்தேன். யார் வீட்டு வாசலிலும் நிற்கக் கூடாது, அழக் கூடாது என்று ஒரே வைராக்கியம். சொன்னால் சிரிப்பீர்கள், உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது. இதோ செருப்புப் போட்டு நடக்கிறேன், கழலவில்லை, அக்கா வீணாகப் பயந்துவிட்டாள், கம்பைநல்லூர் போனதும் எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன். பஸ் நிற்கிற புளியமரம் வரைக்கும் அப்படியே நினைத்துக்கொண்டு போனேன்.

பின்னால் ஓடிவருகிற சத்தம் கேட்டது. அவர். கையில் என் செருப்பு ஒற்றை.

"கோவத்துல வுட்டுட்டு வந்தியா?" என்று மூச்சிரைக்கக் கேட்டார்.

"எதை?" என்றேன்.

"வாசப்படியிலயே கெடந்துச்சு. செருப்ப வாசல்ல கழட்டிப் போட்டு மானத்த வாங்குறா, திமிரப் பாருன்னாங்க ஆத்தா. நானும் அப்பிடித்தான் நெனச்சேன். அப்புறம் தெருவப் பாத்தேன்."

நானும் திரும்பிப் பார்த்தேன். எங்கள் வாசலிலிருந்து புளியமரம் வரைக்கும் ஒற்றைக் கால் தடம் ரத்தமாக வந்திருந்தது. குனிந்து பார்த்தால் வலது கால் வெறுங்காலாக இருக்கிறது, பெருவிரலுக்குக் கீழே கருவேல முள் முழுசாக ஏறியிருக்கிறது. முதல் படியிலேயே கழன்றுவிட்டது, அக்கா. தெரு முழுக்க நான் அதைப் போட்டுக்கொண்டிருப்பதாக நினைத்து நடந்திருக்கிறேன்.

ஊர் பார்க்கப் பார்க்க அவர் மண்ணில் உட்கார்ந்து என் காலைத் தன் மடியில் வைத்து முள்ளைப் பிடுங்கினார். "வலிக்குதா?" என்றார். இல்லை என்றேன். மறுபடியும் கேட்டார். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, வலிக்கிறது என்று பொய் சொன்னேன். அந்த வீட்டில் நான் சொன்ன பொய்களில் அது ஒன்றைத்தான் அவர் நம்பவில்லை.

இரண்டு செருப்பையும் கையில் வாங்கிக்கொண்டு என்னோடு பஸ் ஏறினார். திரும்பி வீட்டைப் பார்க்கவில்லை. பாலக்கோட்டில் இறங்கும்போது என்னால் காலைத் தூக்க முடியவில்லை, தூக்கித்தான் இறக்கினார். நேற்று முன்தினத்திலிருந்து நிற்கவே முடியவில்லை. நீங்கள் எழுதியிருந்தபடி இரண்டு மணிக்கு ஒரு முறை அண்ணனும் அவரும் என்னைக் கட்டை போல உருட்டுகிறார்கள். அந்தக் கடிதத்தை அவர் மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார், எனக்குத் தெரியாது. அண்ணன் உருட்டும்போதெல்லாம் அழுகிறார். அவரைத் திட்டாதீர்கள்.

ஸ்டேஷனுக்கு ஸ்டிரெச்சர் கொண்டு வரச் சொல்லித் தந்தியிலேயே போட்டிருக்கிறது. அந்தப் பெண்ணைப் பற்றி டாக்டர் சொன்னாரே, ஒரு மாதம் முன்னால் வந்திருந்தால் என்று. என்னைப் பார்த்து அப்படிச் சொல்வதாக இருந்தால், உங்கள் மாப்பிள்ளை காதில் விழாமல் சொல்லச் சொல்லுங்கள். செருப்பைத் துடைத்துப் பையில் எடுத்து வைத்திருக்கிறார். எதற்கு என்று கேட்டேன். "திரும்பி வாரப்ப வேணுமில்ல" என்கிறார்.

நின்று நின்று வேலை செய்யாமல் நடுவில் கொஞ்சம் உட்காருங்கள், உங்கள் கால் வீங்கும். செருப்பு கழன்றால் எழுது என்று சொன்னீர்கள். எழுதிவிட்டேன்.

உங்கள் தங்கை,
ரோசம்மா